கயிற்றுக்குள் விளைந்தது

அளவுக் குச்சி அங்கேதான் இறங்கியது.

வயல்காரி ஓரடி பின்வாங்கினாள்.

வயல் முழுக்கக் கருகிக் கிடந்தது. மேற்கு மூலை மட்டும் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. விளைச்சலைக் கணக்கெடுக்க வந்த அதிகாரிப் பெண் அதைப் பார்த்தாள். கையிலிருந்த எண்ணைப் பார்த்தாள். மறுபடி அளந்தாள்.

அதே இடம்.

"ரெண்டு எட்டுத் தள்ளி அடிங்கம்மா," என்றார் பக்கத்து வயல்காரர் பூமிநாதன். "ஊரே காஞ்சு கெடக்கு. ஒங்களுக்கு இந்த மூலதான் கெடச்சுச்சா?"

"குலுக்கல்ல விழுந்த எண்ணுங்கய்யா. நாமளா பாத்து எடம் எடுத்தா அது கணக்கே இல்ல."

அதிகாரியின் குரலும் இறங்கித்தான் போயிருந்தது.

ஊருக்கு நான்கு இடத்தில் அறுத்துச் சராசரி எடுப்பார்கள். மூன்றில் வெறும் பதர். நான்காவது இது. சராசரி ஏறிவிட்டால் பயிர்க் காப்பீடு ஊரில் ஒருவருக்கும் கிடையாது.

குச்சிகளைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

கண்மாயில் மிச்சம் கிடந்த கலங்கல் தண்ணீரைக் இந்த மூலைக்குக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றியவள் வயல்காரிதான். வீட்டுக்காரர் முத்திருளனுக்குக்கூடத் தெரியாது. கருகிய பயிரைப் பார்க்கச் சகிக்காமல் அவர் வயல் பக்கமே வருவதில்லை.

இனி இந்த மண்ணில் விதைக்கமாட்டேன் என்று ஒருநாள் சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள்தான் அவள் குடத்தை எடுத்தாள்.

இப்போது பார்த்தால், ஊர் வாயில் மண்ணைப் போட்டாயிற்று. பூமிநாதன் முகத்தை அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அறுத்தார்கள். அடித்தார்கள். தூற்றித் தராசில் ஏற்றினார்கள். எடை எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

கணக்கெடுப்புக்காக மட்டும் வந்து வரப்பில் நின்ற முத்திருளன் வயலுக்குள் இறங்கி வந்தார். இத்தனை பேர் முன்னால் திட்டப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கயிற்றருகே குனிந்து, அறுத்த தாளின் அடியில் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது. பிறகு அவளைப் பார்த்தார். அப்படி அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

"எட போட்ட நெல்லு யாருக்கும்மா?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"ஒங்களுக்குத்தாங்கய்யா."

தோளில் கிடந்த துண்டை உதறி விரித்தார். காற்று அதைத் தூக்கியது. பூமிநாதன் முறைத்துக்கொண்டே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"சிந்தாமக் கொட்டுங்கம்மா," என்றார் முத்திருளன். "விதநெல்லு."