சுத்தமான மூக்கு

காலை வெயில் விழும் பாறையில் இரண்டு ஆமைகள் தாராளமாகப் படுக்கலாம். சளி பிடித்த ஆமை ஒன்று நடுங்கிக்கொண்டே அங்கே வந்தது.

"கிட்டே வராதே! உன் மூக்கெல்லாம் கிருமி," என்றது பாறையில் கிடந்த ஆமை. அதற்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை.

"ரொம்பக் குளிருது அக்கா. ஒரு ஓரமா இருந்துக்கிறேன்."

"அதெல்லாம் முடியாது. என் மூக்கைப் பார், எவ்வளவு சுத்தம்!"

அப்போது சளி ஆமையின் மூக்கிலிருந்து ஒரு கிருமி எட்டிப் பார்த்துக் கூப்பிட்டது. "பெரியப்பா, சௌக்கியமா?"

"எனக்கென்னடா குறை?" என்று சுத்தமான மூக்கிலிருந்து பதில் வந்தது. "பரம்பரையா இங்கேதானே இருக்கோம்! உங்க ஆமைக்குத்தான் உடம்புக்கு என்ன?"

"வெயில் கிடைக்கலே பெரியப்பா."

பாறை ஆமை சட்டென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. மூக்கும் கூடவே உள்ளே போனது.