நான்காவது முகவரி

மடிக்கணினியில் மூன்று ஃபங்ஷன்களுக்கு முகவரி கொடுத்துவிட்டாள்.

நான்காவதில் கை நின்றது.

வெளியறையில் தெருப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவே அக்கா ஜெனிட்டா சுவரில் சாய்ந்து கிடந்தாள். அவள் வாய் மட்டும் அசையவில்லை.

அத்தான் ரெக்சன் நேற்று விடியுமுன் சின்ன வள்ளத்தில் கடலுக்குப் போனார். கூட வருகிறவனுக்குக் காய்ச்சல் என்று தனியாகப் போனார். மதியம் ஒரு ஃபோன் வந்தது. எஞ்சின் நின்றுவிட்டது, இன்ன இடத்தில் நிற்கிறேன் என்றார்.

பிறகு மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பியது.

பிறகு ஃபோன் இல்லை.

கடலில் தொலைந்த ஒன்றைக் காற்றும் நீரோட்டமும் எங்கே கொண்டுபோகும்? அவள் கல்லூரியில் கடைசி வருடம் எழுதிய புரோகிராம் அதைத்தான் கணக்கிடும். கடைசியாகப் பார்த்த இடம், நேரம், காற்று. கொடுத்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி காட்டும். மதிப்பெண் வாங்கிய பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. அவளும்தான்.

இன்று காலையிலிருந்து அது அவள் மடியில் ஓடிக்கொண்டிருந்தது.

தேடப்போன வள்ளங்கள் சிக்னல் கிடைத்தபோதெல்லாம் அவளைக் கூப்பிட்டன. காற்று திரும்பிவிட்டது, இப்போது எங்கே போக? அவள் தட்டிப் பார்த்துச் சொல்வாள். சொல்வதற்குள் அடுத்த ஃபோன் காத்திருக்கும். எஞ்சின் இரைச்சலில் அவள் சொன்ன இடத்தின் எண்ணைத் தப்பாகக் கேட்டுக்கொண்டு ஒரு வள்ளம் வேறு திசையில் வெகுதூரம் போய்த் திரும்பியது.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

சர்வரில் ஏற்றிவிட்டால் போதும். அவரவர் ஃபோனில் அவரவரே கேட்டுக்கொள்வார்கள். நடுவில் அவள் வேண்டாம்.

வேலை பெரிதில்லை. கணக்கு எல்லாம் ஏற்கெனவே எழுதியதுதான். ஒவ்வொரு ஃபங்ஷனின் தலைமேலும் ஒரு வரி. வெளியிலிருந்து அதைக் கூப்பிட அந்த வரிதான் முகவரி.

வள்ளம்.

கவிழ்ந்த வள்ளம்.

லைஃப் ஜாக்கெட் போட்ட ஆள்.

ஒவ்வொன்றையும் கடல் ஒவ்வொரு மாதிரி இழுக்கும். அதனால்தான் தனித்தனி ஃபங்ஷன்.

நான்காவது, உடல்.

உடலைக் காற்று அவ்வளவாகத் தள்ளாது. அது நீரோட்டத்தோடு போகும். அன்று விடுதிக் கட்டிலில் கவிழ்ந்து படுத்து, பாட்டுக் கேட்டுக்கொண்டே அதை எழுதினாள். நான்கில் அதுதான் சுலபமாக இருந்தது.

இப்போது அதை விட்டுவிடலாம். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

தேவைப்படாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே அந்த வரியையும் எழுதினாள்.

ரெக்சனின் அப்பா சேசடிமை மாமாவும் கடலில்தான் இருந்தார். அவருக்கு லிங்கை அனுப்பினாள். அவர் மற்ற வள்ளங்களுக்கு அனுப்பினார்.

ஃபோன்கள் ஓய்ந்தன.

அதற்குப் பதில் திரையில் வரிகள் விழுந்தன. கேட்கிற வள்ளத்தின் பெயர், கேட்டது என்ன, அவ்வளவுதான்.

பரலோகமாதா — வள்ளம்.

கடல்ராணி — வள்ளம்.

பரலோகமாதா — வள்ளம்.

பரலோகமாதா மாமாவின் வள்ளம். காற்று சற்றே திரும்பினாலும் அதுதான் முதலில் கேட்டது.

பிற்பகலில் கடல்ராணி, கவிழ்ந்த வள்ளம் என்று கேட்டது.

மிதக்கிற எதையோ கண்டிருக்கிறார்கள். ஒரு கேன். ஒரு பலகை. ஃபோன் செய்து கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் அதையே கேட்டார்கள்.

பிறகு எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டுக்குப் போனார்கள்.

அத்தான் அதைப் போட்டு அவள் பார்த்ததே இல்லை. மடித்துத் தலைக்கு வைத்துப் படுப்பார்.

அக்கா எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இப்ப எதத் தேடுதாங்க?"

அவள் திரையை லேசாகச் சாய்த்துக்கொண்டாள்.

"வள்ளத்ததாங்க்கா."

அக்கா தலையை ஆட்டினாள். தங்கையின் தோளில் ஒரு நிமிடம் கன்னத்தை வைத்திருந்துவிட்டு, எழுந்து செபத்துக்குப் போனாள்.

வெயில் தாழ்ந்தது. வரிகள் குறைந்துகொண்டே வந்தன.

பிறகு எதுவுமே விழவில்லை. எல்லோரும் எதற்கோ காத்திருப்பதுபோல இருந்தது. நான்காவதை யார் முதலில் தொடுவது என்று.

பரலோகமாதா — உடல்.

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் தடித்த விரல் அவள் நினைவில் வந்தது. கண்ணாடி இல்லாமல் அவரால் ஃபோனில் எதையும் படிக்க முடியாது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நான்கையும் படித்துவிட்டுத்தான் தொட்டிருப்பார்.

சர்வர் யோசிக்கவில்லை. உடனே புள்ளியை அனுப்பிவிட்டது.

மற்ற மூன்று புள்ளிகளும் கிழக்கே எங்கோ இருந்தன. இது தெற்கே, கரைக்குக் கிட்டத்தில். காலையிலிருந்து அந்தப் பக்கம் ஒரு வள்ளமும் போகவில்லை.

வேறு யாரும் எதையும் கேட்கவில்லை.

வெளியறையில் செபமாலையின் காரணிக்கங்கள் முடிந்து மன்றாட்டு தொடங்கியிருந்தபோது ஃபோன் அடித்தது. மாமா.

"எம்மா."

எஞ்சின் சத்தம் இல்லை. வள்ளத்தின் பக்கவாட்டில் தண்ணீர் அறைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சொல்லுங்க மாமா."

"நீ போட்ட எடத்துலதான் நிக்கோம்."

அவர் மூச்சு கேட்டது. வேறு யாரோ தள்ளி நின்று அழுவதும் கேட்டது.

வெளியறையில் செபம் நின்றுவிட்டது. அக்கா வாசல்படிக்கு வந்திருந்தாள். ஃபோனுக்குக் கையை நீட்டினாள்.

"எம்மா," என்றார் மாமா. "போன அவகிட்ட குடுத்துராத."