மாமனார் வீட்டுக் கூரை

"இந்த பிளாட்டை விக்காதீங்கம்மா. சொன்னா கேளுங்க" என்றான் முருகன்.

வீடு விற்றுக் கொடுக்கும் தரகன் இப்படிப் பேசினால் பிழைப்பு என்ன ஆவது? ஆனாலும் முருகனுக்கு மனசு கேட்கவில்லை. தெற்கு மாட வீதியில், ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும் பிளாட். ஹம்சாவுக்கு அவள் அப்பா எழுதி வைத்துவிட்டுப் போனது. அதை விற்று, புருஷனின் ஊரில் இருக்கும் பழைய வீட்டுக்குக் கூரை போடப் போகிறாளாம்.

"இவரோட தாத்தாவுக்குத் தாத்தா கட்டின வீடு, முருகன். மாமனார் போனதும் எங்க தலையில விழுந்துடுத்து. மேல் மாடி பூரா ஒழுகறது. மழை வந்தா வாளியும் அண்டாவுமா வெச்சுண்டு ஓடணும். அதுக்காக இடிஞ்சு போகட்டும்னு விட முடியுமா?"

"கிராமந்தானே?"

"கிராமம்தான். சுத்தி வயல், ஏரி, ஆடு. வேற ஒண்ணும் கிடையாது."

"தஞ்சாவூர் பக்கமா?"

"அதையும் தாண்டி. ஆடு வளத்துத்தான் கரண்ட் பில்லே கட்டறோம். கல்யாணத்துக்குக்கூட வாடகைக்கு விடறோம். அப்பவும் போறலை."

மாட வீதியில் பாட்டும் பரதமுமாக வளர்ந்த பெண். அவள் தலையெழுத்து, எங்கேயோ போய் ஆட்டுக்குத் தழை போட வேண்டியிருக்கிறது.

"ஊர்ல கீறவன்லாம் வீட்டை வித்துட்டு மெட்ராஸ் வந்துக்கினு கீறான். நீங்க இன்னாடான்னா உல்டாவா பண்றீங்க. உங்க வீட்டுக்காரரு புடிவாதம் புடிக்கிறாரா? நான் பேசறேன் அவராண்ட."

ஹம்சா டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"காபி ஆறிண்டிருக்கு, குடிங்கோ" என்றாள்.

பாவம், புருஷனை விட்டுக் கொடுக்க மாட்டாள் என்று முருகன் நினைத்துக்கொண்டான். கமிஷன் போனால் போகட்டும். பெண்டாட்டி சொத்தை விற்றுத் தன் குடும்பப் பெருமையைக் காப்பாற்றப் பார்க்கும் அந்த மனுஷனை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் இங்கிருந்து கிளம்புவதில்லை.

வாசல் மணி அடித்தது.

"அவர்தான். கோவிலுக்குப் போயிருந்தார்" என்று ஹம்சா கதவைத் திறந்தாள்.

முருகன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான்.

நெற்றியில் விபூதியும் இடுப்பில் எட்டு முழ வேட்டியுமாக, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தவர் ஒரு வெள்ளைக்காரர்.

"முருகன்தானே? நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கோ" என்றார். "இங்கிலாந்துல இருக்கற அந்த அரண்மனை எக்கேடும் கெட்டுப் போகட்டும், மயிலாப்பூர்லயே இருந்துடலாம்னு நானும் தலைபாடா அடிச்சுக்கறேன். பிரபு வம்சத்து மாட்டுப்பொண்ணு நான், விடமாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா."