மகனின் குரல்

கோவில்பட்டியில் பார்வையிழந்த என் அப்பாவை, என் குரலில் பேசும் இயந்திரம் ஒன்று கவனித்துவந்தது. குளிப்பாட்டும், சோறு ஊட்டும், அவர் சொல்லும் கதைக்கெல்லாம் அலுக்காமல் 'ம்' கொட்டும். ஊரார் என்னைப் பொறுப்பான மகன் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

ஒருநாள் அது நின்றுபோனது. மாற்று இயந்திரம் வரத் தாமதமாகும் என்று கம்பெனியில் சொன்னதால் பெங்களூரிலிருந்து நானே போனேன். "அப்பா" என்றதும், இயந்திரம்தான் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, தன் பழைய சைக்கிள் கதையை ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது முறை சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை.

"எத்தன தடவப்பா இதையே சொல்லுவீய?" என்று கத்தினேன். ஊட்டிக்கொண்டிருந்த ரசம் அவர் சட்டையில் கொட்டியது.

அப்பா பக்கத்து வீட்டு ராஜாமணி அக்காவைக் கூப்பிட்டார். "தாயி, இந்த மிஷினு காலையிலேருந்து சரியில்ல. கை நடுங்குது, சள்ளு சள்ளுன்னு விழுது. ரிப்பேர்க்காரன வரச்சொல்லு."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா, என் மவன் கதிரேசனுக்கு மட்டும் சொல்லிராத," என்று அப்பா என் பக்கம் திரும்பினார். "பாசக்காரப் பய. கேட்டா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவான்."

"சொல்ல மாட்டேம்பா," என்றேன், முடிந்தவரை இயந்திரத்தைப் போல அன்பாக.