கிணற்றில் போட்ட போன்

ஓங்கிய கை அப்படியே நின்றது.

எட்டு வயது மகள் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை. அடியை எதிர்பார்த்துக் கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள்.

அம்மாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. ஊரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் போனில் சேதி சொன்னதும், புருஷனை அங்கேயே விட்டுவிட்டுக் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள். தோளிலிருந்து பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"ஒண்ணா ரெண்டா அண்ணி?" என்றாள் நாத்தனார் சாலம்மா. பிள்ளையை வைத்துப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். "பள்ளிக்கூடத்து வாசல்ல ஒருத்தி அவ பொண்ணுக்குத் தலை வாரி விட்டுருக்கா. பாத்துக்கிட்டே நின்ன இவ, போய் அந்தப் பொண்ணைக் கடிச்சு வெச்சுட்டா. சோத்துத் தட்டைத் தூக்கி அடிக்கிறா. இப்ப என் போனைக் கிணத்துல போட்டுட்டா. என்னால முடியல அண்ணி."

"ஏன்டி போட்ட?"



மற்றொரு கையால் மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"போன் இருந்தா நீ போன்லதானேம்மா வர்ற."

ஓங்கிய கை தானாக இறங்கியது.

சாலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அம்மா மகளைத் தலைக்குக் குளிப்பாட்டினாள். பேன் பார்த்தாள். முட்டை பொரித்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள். ஒரு பருக்கை சிந்தாமல் வாங்கிக்கொண்டாள் மகள்.

நகம் வெட்ட விரல்களைப் பிடித்தாள். வெட்டுவதற்கு நகமே இல்லை. கடித்துக் கடித்து ஓரமெல்லாம் புண்.

எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தனக்கே அழுகை வந்துவிடும்.

சாயங்கால பஸ்ஸை விட்டால் மேஸ்திரி வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வார்.

மகள் அவள் மடியிலேயே தூங்கிப்போனாள், முந்தானையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தபடி.

வரும் வழியில் வாங்கிய புதுப் போனைப் பையிலிருந்து எடுத்துச் சத்தமில்லாமல் சாலம்மாவிடம் நீட்டினாள்.

"எழுப்பிச் சொல்லிட்டுப் போயேன் அண்ணி."

"எழுப்புனா நான் போவ மாட்டேன் சாலம்மா."

குனிந்து, முந்தானையைப் பிடித்திருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

சுண்டுவிரல்.

மோதிரவிரல்.

மற்ற விரல்கள் தாமாகவே விரிந்தன.

மகளின் கண்கள் இறுக மூடியிருந்தன.