எதிரியின் பெயர்

“நாவல்ல வர்ற நீலாவதி நான்தானே?” என்று அண்ணி கேட்டாள்.

“கற்பனை, அண்ணி.”

“உன் கற்பனைக்கும் பீச்சாங்கைதானா?”

அன்றைக்கு அவள் கையில் என் புத்தகம் இருந்தது. இடது கையில். அந்தக் கையால்தான் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரைவாள்.

அவள் புத்தகத்தை டிவி பக்கத்தில் வைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. எண்பத்தாறு நாள் ஆகிறது. அதன்பிறகு “சாப்பிடு” மட்டும்தான்.

அண்ணன் இறந்து ஒன்பது வருஷம். அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அந்த வீட்டில் மிச்சம், தங்கை நானும் அண்ணியும்தான்.

நாவல் வந்த வாரமே விருத்தாசலம் ஊரே அதைப் பிரித்து மேய்ந்துவிட்டது. யார் யார் எந்தப் பாத்திரம் என்று டீக்கடையில் சண்டையே நடந்தது. ஒரு பீங்கான் கம்பெனி முதலாளி கேஸ் போடுவேன் என்றார். என்னிடம் இரவல் வாங்கிப்போன ஒருவர் திருப்பித் தந்த பிரதியில், ஒவ்வொரு பாத்திரத்தின் பக்கத்திலும் பென்சிலால் ஒரு நிஜப் பெயர். நான் நினைத்தே பார்க்காத ஆட்கள்.

ஊரில் இவ்வளவு ரகசியம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒரே ஒரு பெயரைத்தான் சரியாக எழுதியிருந்தார். நீலாவதிக்குப் பக்கத்தில், தேவி. அண்ணியின் பெயர்.

நாவலில் நீலாவதி கணவனை இழந்தவள். அவள் வரைகிற பொம்மைக் கண்களெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். சூளை இருக்கும் பக்கம். அங்கே நெருப்பைக் கவனித்துக்கொள்ளும் ஒருவர். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனாலும் ஊர் பேசியது. கடைசி அத்தியாயத்தில் நான் அவளைத் தனியாக ரயிலேற்றி அனுப்பிவிட்டேன்.

நிஜத்தில் அவர் பெயர் பச்சமுத்து. நாவல் வந்து நிஜ ஊரும் பேசத் தொடங்கியபோது, அவர் சத்தமில்லாமல் வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டார்.

“தேவி உம்மேல பிராது கட்டியிருக்காடி. எங்கண்ணால பாத்தேன்” என்றாள் பக்கத்து வீட்டு வீராயி அக்கா, அண்ணி பேச்சை நிறுத்திய அன்று மாலையே.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், யார் மேல் என்ன குறை என்று தாளில் எழுதிக் கட்டிவிட்டால் தொண்ணூறு நாளில் சாமி தீர்த்துவைப்பார். தீர்ந்ததும் போய், பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டும்.

நாள் எண்ணத் தொடங்கினேன். இரண்டு தடவை இருமினால்கூட இதுதானோ என்று தோன்றும்.

இன்று காலை அண்ணி புதுப் புடவையில் வந்து நின்றாள்.

“வண்டிய எடு. கோயிலுக்கு.”

வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தேடினேன். முந்நூறு பக்கம் எழுதியவளுக்கு ஒரு வரி அமையவில்லை.

கோயில் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட எழுத்தர் ராஜினாமா தாளை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“மனுதாரர்?”

“தேவி.”

“எதிரி?”

நான் தரையைப் பார்த்தேன்.

“தேவி.”

“எதிரி பேரக் கேட்டேம்மா.”

“அதாங்க. தேவி. நாந்தான்.”

அவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

“உங்க மேல நீங்களேவா? அப்படி என்னங்க குறை?”

“கேக்க வேண்டியதக் கேக்க இந்தத் தேவிக்கு வாய் வரமாட்டேங்குது, ஆறு வருசமா மனசுலயே வச்சிருக்கான்னு எழுதியிருந்தேன்.”

“அப்ப எம்மேல கோவம் இல்லையா, அண்ணி?” என்றேன். எண்பத்தாறு நாளில் என் முதல் கேள்வி.

“பேசினா இதத்தான் பேசணும். அதான் பேசாம இருந்தேன்.”

எழுத்தர் தொண்டையைச் செருமினார். “இன்னும் நாலு நாள் பாக்கி இருக்குது. குறை தீந்துடுச்சா, இல்லையா?”

“ஒரு நிமிசம் இருங்க.”

அண்ணி என் பக்கம் திரும்பினாள். முந்தானை நுனியை இடது கைவிரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

“போன வாரம் பச்சமுத்து எங்க கம்பெனி வாசல்ல வந்து நின்னாரு. உன் புத்தகத்தப் படிச்சாராம். எல்லாம் நல்லாத்தான் இருக்குதாம்.” விரலில் சுற்றியதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “முடிவுதான் அவருக்குப் பிடிக்கலையாம்.”

எழுத்தரின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது.

“எனக்குன்னு பேச யாரும் இல்ல. உங்க அண்ணன் வூட்டு ஆளுன்னு நீ ஒருத்திதான்.”

இப்போது அண்ணி நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

“நீயே முன்ன நின்னு என்னெ அவருக்குக் கட்டிக் குடு, மோகனா.”