செவ்வரத்தைச் சாட்சி

சாட்சியை நாற்காலியில் சாய்த்து வைத்தார் தம்பிராசா. சாட்சி ஒரு படம். செவ்வரத்தைப் பூக்களுக்கு நடுவே வள்ளியும் முருகனும்.

“பாருங்கோ விதானையார். வேலியிலை நிக்கிறது எங்கடை மரம். எங்கடை வளவுக்கை இருந்து என்ரை பிள்ளை கீறினது. நாளைக்குக் கோட்டிலை நீதவானுக்கு இதைத்தான் காட்டப்போறன்.”

அந்தச் செவ்வரத்தையால் பக்கத்து வீட்டு இராசநாயகத்தோடு இரண்டு வருடமாகப் பேச்சில்லை. பூவை யார் முந்திப் பறிப்பது என்பதிலும் போட்டி. விடியுமுன்னே தம்பிராசா மகள் பாலேஸ்வரியை அனுப்புவார். இராசநாயகம் மகன் சீவரத்தினத்தை அனுப்புவார்.

பாலேஸ்வரி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். படத்தை ஒருவருக்கும் காட்ட வேண்டாம் என்று காலையிலிருந்து மூன்று தரம் கெஞ்சிவிட்டாள். அவளுடைய பெட்டிக்கு அடியில் அதைக் கண்டெடுத்த தகப்பனோ, பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று சிரித்தார்.

ஊர்த் தலைமைக்காரரான விதானையார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். வேலையும் காணவில்லை, மயிலையும் காணவில்லை, முருகன் நடுவகிடு எடுத்து எண்ணெய் வைத்துச் சீவியிருக்கிறாரே என்றார். பிள்ளை மறந்திருப்பாள் என்றார் தம்பிராசா.

“பூவுக்குப் பின்னாலை தெரியிறது ஆரின்ரை கிணறு?”

“எங்கடை கிணறு. அதுக்கும் பின்னாலை எங்கடை குசினி. எல்லாம் எங்கடை.”

கீறியவர் எங்கே இருந்து கீறினார் என்று பார்க்கவேண்டும் என்று விதானையார் படத்தோடு வளவுக்குள் இறங்கினார். கிணற்றடியில் நின்று பார்த்தார். பூவுக்குப் பின்னால் இராசநாயகத்தின் மாட்டுக்கொட்டில்தான் தெரிந்தது. கிணறும் குசினியும் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தன.

அவர் படத்தை ஒருமுறை பார்த்தார், வேலியை ஒருமுறை பார்த்தார். வேலியில் ஓராள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. அது எப்போது வந்ததென்று தம்பிராசாவுக்கே தெரியாது. விதானையார் குனிந்து அதற்குள்ளால் அந்தப் பக்கம் போனார்.

எதிரியின் வளவில் கால் வைக்க மாட்டாத தம்பிராசா, இந்தப் பக்கம் நின்றபடி, மரம் யாருடையதென்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டார். பாலேஸ்வரி குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடைசியில் வேலிக்கு மேலால் விதானையாரின் தலைப்பாகை எழுந்தது.

“மரம் கிடக்கட்டும், தம்பிராசா. முருகன் இஞ்சை நிக்கிறார், கையெல்லாம் சாயம்.”